இருபத்து நாலாவது வீடு

அன்று பகல் பதினொரு மணிக்குத் தம்பியின் கடையில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். தம்பி கண்ணாடி மேசைக்குப் பின்னால், சுழல் நாற்காலியில். அண்ணன் வாசலோரம், கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் கூடையின் மேல். வெல்டிங் பட்டறையிலிருந்து நேராக வந்திருந்தான். சட்டையெல்லாம் இரும்புத்தூள், பழுதுக்கு வந்த கைபேசிகளுக்கு ஆகாது என்று தம்பி அவனை உள்ளே விடவில்லை. நான் வாடிக்கையாளர் நாற்காலியில், மடியில் குறிப்பேட்டோடு. மேசைமேல் மூன்று சின்னக் கேமராக்கள். அம்மா இல்லை. அவள் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் கூடியிருந்தோம்.

அவளுடைய பிறந்தநாளுக்கு ஒன்பது நாள் இருந்தது. பரிசு என்று சொல்லித்தான் கேமராவைக் கொடுக்கப் போகிறோம். உண்மையில் எதற்கு என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

அம்மா வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதுகிறவள். இருபத்தாறு வருட வேலை. இரும்புக் கொக்கியால் குழியின் மூடியைத் தூக்கி, உள்ளே டார்ச் அடித்து, மீட்டரின் கண்ணாடியைத் துணியால் துடைத்து, எண்ணை நோட்டில் எழுதுவாள். ஒரு காலைப்பொழுதுக்கு நாற்பது வீடு, அவள் பகுதி முழுவதும் முடிந்தால் ஒரு சுற்று. அலுவலகத்தில் அவளுக்கு மூடியம்மா என்று பெயர். ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம்.

போன மாதம் அவளுடைய பையின் வார் அறுந்தது. தைக்க எடுத்தபோது, உள்துணிக்கும் தோலுக்கும் நடுவில் காகிதம் நெருடியது. நான்காக மடித்த இரண்டு மெமோ. மஞ்சள் கேட் போட்ட ஒரு வீட்டுக்காரர் புகார் கொடுத்திருந்தார். மீட்டர் பார்க்க யாருமே வரவில்லை, வராமலே எண் எழுதப்பட்டிருக்கிறது, தன் வாசலில் இரவும் பகலும் ஓடும் கேமராவில் இந்தப் பெண்மணி ஒரு தடவைகூடத் தென்படவில்லை. இரண்டு சுற்றுக்கு இரண்டு புகார். இரண்டாவது மெமோவின் கடைசி வரி இது: மூன்றாவது முறையும் புகார் வந்து, ஏழு நாளுக்குள் தக்க பதில் வராவிட்டால், பணிநீக்கம்.

அம்மா எங்கள் யாரிடமும் மூச்சு விடவில்லை. நானும் அவளிடம் கேட்கவில்லை. காகிதங்களை இருந்தபடியே மடித்து வைத்து வாரைத் தைத்துக் கொடுத்துவிட்டு, அண்ணனிடமும் தம்பியிடமும் மட்டும் சொன்னேன்.

ஒன்றை மட்டும் அவர்களிடமும் சொல்லவில்லை. மெமோவில் அம்மா எழுதிய எண்கள் இருந்தன. ஒரு சுற்றில் 4180. அடுத்ததில் 4210. இரண்டும் சைபரில் முடிந்திருந்தன. நான் விதைக் கம்பெனியில் மூட்டைகளை எடை போட்டு அனுப்பும் பிரிவில் இருக்கிறேன். எடை போடாமல் எழுதப்பட்ட எடைகள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவை சைபரில் முடியும்.

ஆகவே இந்தக் கேமரா அம்மாவின் பக்கத்துச் சாட்சியா, எதிர்ப்பக்கத்துச் சாட்சியா என்று எனக்கு நிச்சயமில்லை. அந்த நினைப்போடுதான் குறிப்பேட்டைத் திறந்தேன்.

"முதல்ல இதைப் பாருங்க," என்று தம்பி பெரியதை எடுத்தான். "முன்னாடி ஒரு திரை, பின்னாடி ஒரு திரை. மலை உச்சியிலேர்ந்து குதிச்சாலும் படம் ஆடாது."

"அம்மா எங்கேடா குதிக்கப் போறாங்க?" என்றான் அண்ணன்.

"குழிக்குள்ள குனியறாங்கல்ல?"

"குனியறதுக்கும் குதிக்கறதுக்கும் வித்தியாசம் தெரியாதவன்கிட்ட கேமரா வாங்க வந்தேன் பாரு."

"திரை வேண்டாம்," என்றேன். "அம்மா விரல் திரையில வேலை செய்யாது."

அது மூவருக்கும் தெரிந்ததுதான். இருபத்தாறு வருடம் ஈரமும் இரும்பும் தேய்த்த விரல்நுனி. அவளுடைய கைபேசித் திரை அந்த விரலை விரலாகவே மதிப்பதில்லை. அழைப்பு வந்தால் முட்டியால் தட்டுவாள். அதற்கும் எடுக்காவிட்டால் "இது என்னை அவமானப்படுத்துது" என்று பக்கத்தில் இருப்பவர் கையில் கொடுத்துவிடுவாள்.

"அப்போ வாயால சொன்னாப் போதும். 'எடு'ன்னா எடுக்கும், 'நிறுத்து'ன்னா நிறுத்தும்."

"அவங்க நாள் பூரா நாயோட பேசிக்கிட்டே போவாங்க. கேமராவுக்குப் பைத்தியம் பிடிச்சிடும்," என்றான் அண்ணன்.

இரண்டாவது, கட்டைவிரல் அளவு. காந்தத்தால் சட்டையில் ஒட்டிக்கொள்ளும். அண்ணன் வாங்கிப் பார்த்து, தன் உள்ளங்கையில் அது தொலைந்துபோவதைக் காட்டினான். ஒரே குனிவில் குழிக்குள் விழுந்துவிடும். மூன்றாவது, சோப்புக்கட்டியில் பாதி இருக்கும். தண்ணீருக்குள் போட்டாலும் ஒன்றும் ஆகாது. திரை இல்லை. தலையில் ஒரே ஒரு பெரிய பட்டன். கையுறை போட்டபடியே அமுக்கலாம்.

"பேட்டரி எவ்வளவு நேரம் நிக்கும்?" என்று கேட்டேன்.

"விடாம ஓடினா ரெண்டரை மணி நேரம்."

"அம்மாவுக்கு ஒரு நாள் வேலை அஞ்சு மணி நேரம்."

"அதனாலதான் வீட்டுக்கு வீடு போடணும், நிறுத்தணும். வந்ததும் ஒரு தடவை, முடிச்சதும் ஒரு தடவை. போட்டா 'பீப்'னு ஒரு சத்தம், முன்னாடி சிவப்பு விளக்கு. நிறுத்தினா ரெண்டு சத்தம்."

"சத்தமும் விளக்கும் வேண்டாம்," என்றேன். "வீட்டுக்காரங்க பார்த்து, எங்களையா படம் பிடிக்கறேன்னு சண்டைக்கு வந்தா? புதுசா ஒரு புகார் அதுல வரும்."

தம்பி தலையைச் சொறிந்தான். "அணைச்சிடலாம்கா. ஆனா ஓடுதா நின்னுச்சான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அமுக்கினா ஓடும்னு நீதானே சொன்னே? நான் எழுதி ஒட்டிடறேன்."

சத்தம் இல்லை, விளக்கு இல்லை என்று குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன். அந்த அடிக்கோடு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

எதில் மாட்டுவது என்பதில் அரைமணி நேரம் போயிற்று. நெஞ்சில் பட்டை கட்ட அம்மா ஒப்புக்கொள்ள மாட்டாள். தலையில் கட்டினால் தெருவே சிரிக்கும். கடைசியில் அண்ணன்தான் சொன்னான், டார்ச்சோடு சேர்த்துப் பிடித்துவிடலாம் என்று. டார்ச் போகும் இடத்துக்குக் கேமராவும் போகும். அதற்கு இரும்புப் பட்டையில் ஒரு கிளாம்ப் தானே அடித்துத் தருவதாகச் சொன்னான்.

நான் செய்தது இது. டார்ச்சின் கைப்பிடியைச் சுற்றி ஒரு வெள்ளைக் காகிதம் ஒட்டி, தண்ணீர் படாமல் மேலே ஒட்டுநாடா சுற்றி, கொட்டை எழுத்தில் இரண்டு வரி எழுதினேன்.

பிறந்தநாள் காலையில் கொடுத்தோம். அண்ணன் கிளாம்பைப் பட்டறையிலிருந்து சுடச்சுடக் கொண்டு வந்து அங்கேயே முடுக்கினான். அம்மா டார்ச்சைத் தூக்கிப் பார்த்தாள்.

"எதுக்குப்பா இதெல்லாம்?"

"மீட்டர் நம்பர் சரியாத் தெரியலேன்னா, அப்புறமா பெரிசாப் போட்டுப் பார்த்துக்கலாம்மா," என்று தம்பி கூச்சமில்லாமல் பொய் சொன்னான். "ஒரே பட்டன். அக்கா எழுதி ஒட்டியிருக்கா, அதுபடி செஞ்சாப் போதும்."

அம்மா எங்கள் மூவரின் முகத்தையும் வரிசையாகப் பார்த்தாள். மூடியைத் தூக்கிக் குழிக்குள் பார்க்கிறவளின் பார்வை. "சரி," என்றாள். "ஒரு வீடு விடாம அமுக்கறேன்."

சுற்று தொடங்கியது. மஞ்சள் கேட் ஒன்பதாவது நாள் வரும் என்று எனக்குத் தெரியும். அன்று முழுவதும் அலுவலகத்தில் எனக்கு வேலை ஓடவில்லை. ஒரே மூட்டைக்கு இரண்டு சீட்டு ஒட்டினேன். சாயங்காலம் போனபோது அம்மா முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கேமரா பக்கத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. படம் பதிவாகும் கார்டைக் கழற்றிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடுமே என்ற பயம்.

பத்தொன்பது நாள் கழித்து, பகல் பன்னிரண்டரைக்கு, அம்மா விதைக் கம்பெனி வாசலில் வந்து நின்றாள். அவள் அங்கே வந்ததே இல்லை. தோளில் பை, கையில் டார்ச். ஒரு காகிதத்தை நீட்டினாள். மூன்றாவது மெமோ. தேதியைப் பார்த்தேன். விரலை மடக்கி எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.

"அம்மா, இன்னிக்கு ஏழாவது நாள்!"

"தெரியும்."

"ஆறு நாளா என்னம்மா பண்ணே?"

"வேலைக்குப் போனேன்."

பதில் ஏழாவது நாளுக்குள் தபாலில் முத்திரை வாங்கியிருக்க வேண்டும். பதிவுத் தபால் வாங்கும் ஜன்னல் நாலு மணிக்கு மூடும். நான் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அவளை இழுத்துக்கொண்டு தம்பி கடைக்குப் போனேன். வழியில் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அம்மா, அந்த வீட்டுக்கு நீ போனியா?"

அவள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள்.

"போகாம நம்பர் எழுதுவேனா?"

"அதில்லம்மா..."

"நான் ஒண்ணு கேக்கறேன். நீங்க மூணு பேரும் சேர்ந்து இதை வாங்கிக் கொடுத்தது என் கண்ணுக்காகவா, நான் போறேனா இல்லையான்னு பார்க்கவா?" டார்ச்சை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். "பையைத் தைச்சுக் கொடுத்தியே, காகிதத்தை நான் வெளிப்பக்கமா மடிச்சிருந்தேன். நீ உள்பக்கமா மடிச்சு வச்சிருந்தே. அன்னிக்கே தெரியும் எனக்கு."

மிச்ச தூரத்தை அவள் எனக்கு முன்னால் நடந்தாள். முழங்கால் வலியிலும் வேகமாக நடந்தாள்.

கடையில் தம்பி ஷட்டரைப் பாதி இறக்கினான். அண்ணனுக்குச் சொல்லி அனுப்பி அவனும் வந்து சேர்ந்தபோது மணி ஒன்றரை. வாடிக்கையாளர் நாற்காலியில் இந்தத் தடவை அம்மா உட்கார்ந்தாள், பையை மடியில் வைத்து, வேற்று ஆளிடம் வேலையாக வந்தவள்போல. தம்பி கார்டைக் கழற்றிக் கணினியில் போட்டு, ஒன்பதாவது நாளின் தேதியைத் தேடினான்.

"நாற்பது வீடு. நாற்பது படம் இருக்கணும்," என்றேன்.

"இருபத்தொண்ணுதான் இருக்கு."

"இருபத்தொண்ணா?"

"ஒவ்வொண்ணும் அஞ்சு நிமிஷம், ஏழு நிமிஷம் ஓடுது. ஒரு மீட்டர் பார்க்க ஏழு நிமிஷமா?"

முதல் படத்தைத் திறந்தான். ஒரு பச்சை மூடி. கொக்கி. தண்ணீர் பளபளக்கும் கண்ணாடி. எண் துல்லியமாகத் தெரிந்தது. மூடி விழுந்தது. ஆனால் படம் நிற்கவில்லை. தெருவின் தரை ஆடி ஆடி வந்தது. அம்மாவின் செருப்பு. அம்மாவின் குரல், ஏதோ ஒரு நாயிடம்: "உனக்கு வேற வேலையே இல்லையா? எனக்கு இருக்குப்பா." அடுத்த வாசல். கட்டைவிரல் கேமராவை நோக்கி வந்தது. படம் நின்றது.

அடுத்த படம் மூன்றாவது வீட்டில் தொடங்கி நான்காவது வீட்டு வாசலில் நின்றது.

தம்பி நெற்றியில் கையை வைத்தான். "ஒத்தைப்படை வீட்டுல ஓட ஆரம்பிக்குது. ரெட்டைப்படை வீட்டுல நிக்குது. அம்மா, முடிச்சதும் இன்னொரு தடவை அமுக்கலையா?"

"அப்படி யாரு சொன்னா?"

"அக்கா எழுதி ஒட்டியிருக்காளே!"

"எழுதினபடிதான் செஞ்சேன்," என்று அம்மா டார்ச்சை மேசைமேல் வைத்துத் திருப்பினாள். 'வீட்டுக்கு வந்ததும் அமுக்கவும்' என்ற என் எழுத்து. அதற்குக் கீழே அண்ணனின் இரும்புப் பட்டை. அண்ணன் ஒன்றும் பேசாமல் திருப்புளியை எடுத்து இரண்டு திருகாணியைத் தளர்த்தி, பட்டையை விரலளவு நகர்த்தினான். பட்டைக்கு அடியில் இரண்டாவது வரி இருந்தது, தூசுகூடப் படாமல்: 'முடிந்ததும் மறுபடி அமுக்கவும்.'

தம்பி அதை வாய்விட்டுப் படித்தான்.

"சத்தம் வர்ற மாதிரியாவது விட்டிருக்கலாம்," என்றான் தம்பி, யாரையும் பார்க்காமல்.

"நீ வாயால ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்," என்றான் அண்ணன்.

"நீ கொஞ்சம் கண்ணைத் திறந்து முடுக்கியிருக்கலாம்!"

"சண்டை அப்புறம் போடுங்க," என்றேன். "அம்மா, அந்த நாள் நோட்டைக் கொடு."

அம்மா பையிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தாள். அவள் சுற்று கதவு எண் வரிசையில் போகாது. நிழல், மேடு, நாய் இவற்றைப் பார்த்து அவளே போட்டுக்கொண்ட வரிசை. ஒவ்வொரு வரியாக விரலை வைத்து எண்ணினேன். இருபத்தொன்று. இருபத்திரண்டு. பூட்டிய வீடு ஏதாவது நடுவில் வந்து கணக்கு ஒன்று மாறாதா என்று பார்த்தேன். வரவில்லை. இருபத்து மூன்று, ஒரு தையல்கடை.

மஞ்சள் கேட் இருபத்து நாலாவது.

"இரட்டை," என்றான் அண்ணன்.

நோட்டில் அதற்கு நேரே 4230 என்று இருந்தது. சைபர்.

"பன்னிரண்டாவது படத்தைப் போடுடா. கேட் வரைக்குமாவது போயிருப்பாங்க," என்றான் அண்ணன்.

தையல்கடையின் மீட்டர் வந்தது. பிறகு தெரு. தெருமுனையில் மஞ்சளாக ஏதோ தூரத்தில் தெரிந்தது. எல்லோரும் முன்னால் குனிந்தோம். கேமரா அதை நோக்கிப் போகவில்லை. இடதுபக்கம் திரும்பி, இரண்டு மதில்களுக்கு நடுவில் ஓர் ஆள் மட்டும் போகக்கூடிய சந்துக்குள் நுழைந்தது. அம்மாவின் மூச்சு. ஒரு வெற்றுச் செங்கல் சுவர். "ஐயோ என் முழங்காலே" என்ற முனகல். கட்டைவிரல் வந்தது. இருட்டு.

"சுவர்," என்றான் அண்ணன். "வெறும் சுவர்டா."

நான் அம்மாவைப் பார்க்கவில்லை. சுவரில் இருக்கும் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு பத்து. கேட்டுக்குப் போகாமல் ஒரு சந்தில் ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறாள். முழங்காலுக்கு ஓய்வு. பிறகு தோராயமாக ஓர் எண். இதைக் காட்டினால் அவர்கள் கேட்பதை நாமே எழுதிக் கொடுத்தது போலாகும்.

"அடுத்ததைப் போடு," என்றாள் அம்மா.

"அது இருபத்தஞ்சாவது வீடும்மா."

"போடுன்னா போடேன்டா."

தம்பி பதின்மூன்றாவது படத்தைத் திறந்தான். வீடு வரவில்லை. கரகரவென்று சத்தம் மட்டும் வந்தது, இரும்பைச் செங்கல்லில் தேய்ப்பதுபோல. ஒரு வட்ட வெளிச்சம் ஆடியது. சிலந்திவலை. ஒரு குழாய். வெளிச்சம் நிதானப்பட்டது. மீட்டர்.

அண்ணன் எழுந்து மேசையருகே வந்தான்.

அம்மாவின் குரல் எங்கோ சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது, கழுத்தை வளைத்துப் படுத்துக்கொண்டு பேசும் குரல். "நாலு... ரெண்டு... மூணு... கடைசி நம்பரைக் குழாய் மறைக்குது. சைபர் போட்டுக்கறேன்."

ஆனால் திரையில் எதுவும் மறைக்கவில்லை. கேமரா அவள் கையோடு உள்ளே போயிருந்தது. அவள் கண் வெளியே இருந்தது. நாலு, இரண்டு, மூன்று, ஏழு. நான்கும் நன்றாகத் தெரிந்தன. அதற்குக் கீழே மீட்டரின் பித்தளை முகத்தில் அடித்த தொடர் எண்ணும் தெரிந்தது. மெமோவை எடுத்து ஒவ்வொரு இலக்கமாக ஒத்துப் பார்த்தேன். அந்த வீட்டு மீட்டர்தான்.

"ஆனா யாரு அமுக்கினது?" என்றான் தம்பி.

அண்ணன் டார்ச்சை வாங்கி, கையை நீட்டி, மேசைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் செருகிக் காட்டினான். பட்டன்தான் முதலில் சுவரில் இடித்தது. "சுவர்ல ஏதோ ஓட்டை, அதோட விளிம்பு அமுக்கியிருக்கு," என்றான். "சின்ன ஓட்டை."

அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள். போன வருடம் அந்த வீட்டுக்காரர் புது மதில் கட்டி மீட்டர் குழியை உள்ளே அடைத்துவிட்டார். முதல் சுற்றில், வாசலில் கேமரா வருவதற்கு முன், இரண்டு நாள் மணி அடித்துப் பார்த்தாள். யாரும் திறக்கவில்லை. பின்சந்தில் மழைத்தண்ணீர் வடிய மதிலின் காலடியில் ஓர் ஓட்டை விட்டிருப்பதைக் கண்டுபிடித்தாள். தரையில் படுத்து, தோள்வரைக்கும் கையை விட்டால் மீட்டர் தெரியும். அதன் பிறகு வாசல் பக்கம் போவதே இல்லை. வாசல் கேமராவில் எப்படித் தென்படுவாள்?

"'பூட்டு'ன்னு எழுதிட்டு வந்திருக்கலாமேம்மா!" என்றான் அண்ணன். "மீட்டர் பார்க்க முடியாட்டா அதுதானே விதி?"

"இருபத்தாறு வருஷத்துல என் நோட்டுல 'பூட்டு'ன்னு ஒரு வரி கிடையாது. எடுத்துப் பாரு." அவள் குரலில் அப்போதும் ஒரு பெருமை இருந்தது. "நம்பர் கண்ணுக்குத் தெரியுது. எதுக்கு எழுதணும்?"

"இதை முதல் மெமோ வந்தப்பவே சொல்லியிருந்தா?" என்றேன்.

"மதில் ஓட்டைக்குள்ள கையை விட்டேன்னு சொல்லவா? திருடி மாதிரி?"

மணி இரண்டரை. நான் காகிதத்தை எடுத்தேன். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை. கை தானாக ஓடியது. நேரில் சென்றதற்கான ஆதாரம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

"ஒரு நிமிஷம்," என்றான் தம்பி. "அந்தச் சைபர் பேச்சு. அது நாலு செகண்ட். சத்தத்தை மட்டும் வெட்டிடறேன். யாருக்கும் தெரியாது."

"வெட்டுடா," என்றான் அண்ணன் உடனே. "அது ஒண்ணுதான் மாட்டிவிடும்."

நான் பேனாவை நிறுத்தினேன். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஏழு மாதம். நாலு செகண்ட். என் மனசு அதைத் தராசில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னத்தை வெட்டறீங்க?" என்றாள் அம்மா.

தம்பி விளக்கினான். அவளுக்குக் கார்டும் தெரியாது, கணினியும் தெரியாது. ஆனால் கேட்டு முடித்ததும் கை நீட்டிக் கணினித் திரையைத் தொட்டாள், ஏழு என்ற எண்ணின் மேல்.

"இது ஏழு. என் நோட்டுல சைபர். அவங்க ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்ப்பாங்களா, மாட்டாங்களா?"

தம்பி மவுஸிலிருந்து கையை எடுத்தான்.

"போன ரெண்டு தடவையும் சைபர்தான் போட்டேன். கழுத்து அதுக்கு மேல வளையல. அது என் தப்பு. வேலையைத் தப்பாச் செஞ்சேன்னு எழுதட்டும், கேட்டுக்கறேன். வேலைக்கு வரவே இல்லேன்னு எழுதக் கூடாது. என்னால தாங்க முடியாதது அது ஒண்ணுதான்." பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டாள். "முழுசா அனுப்பு. சைபரையும் எழுது. 'பூட்டு'ன்னு எழுதாததையும் எழுது."

"வேலை போயிட்டா?" என்றான் அண்ணன்.

"போனா, போக வேண்டிய இடத்துக்கு நான் போனேன்னு தெரிஞ்சு போகட்டும்."

எழுதியதைக் கிழித்துவிட்டுப் புதுத் தாள் எடுத்தேன். மூன்று பத்தி. ஒன்று, அவள் போனது, எந்த வழியாக, ஏன். இரண்டு, விதிப்படி 'பூட்டு' என்று எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை, தவறு. மூன்று, மூன்று சுற்றிலும் கடைசி இலக்கம் அவள் கண்ணுக்குத் தெரியவில்லை, சைபர் என்று எழுதினாள், தவறு. இந்தச் சுற்றின் சரியான எண் 4237, படத்தில் காண்க. ஒவ்வொரு பத்தியையும் உரக்கப் படித்தேன். அம்மா தலையாட்டிய பிறகே அடுத்ததற்குப் போனேன். தம்பி அசலைத் தன் கணினியில் நகல் எடுத்து வைத்துக்கொண்டு, கார்டை ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டான்.

மூன்றாவது பத்தியில் சைபர் என்ற சொல்லுக்கு வந்திருந்தேன். எழுதியபடியே, தலை நிமிராமல், சொன்னேன்.

"அம்மா. அந்தச் சைபரைப் பார்த்து நானும் சந்தேகப்பட்டேன்."

அண்ணனும் தம்பியும் என்னைப் பார்த்தார்கள்.

"தெரியும்," என்றாள் அம்மா. "இல்லேன்னா நீ அன்னிக்கே கார்டைக் கழற்றிப் பார்த்திருப்பியே." சற்று விட்டு, "கடுதாசி, அதையும் இதுல எழுதிடப் போறே. எனக்கு வர்ற மெமோ போதும்," என்றாள்.

கடுதாசி என்பது வீட்டில் எனக்கு வைத்த பெயர். பையைத் தைத்துக் கொடுத்த நாளிலிருந்து அவள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கவில்லை.

கையெழுத்துப் போட்டாள். மூன்று நாற்பத்தைந்து. தபால் அலுவலகம் இரண்டு தெரு தள்ளி. அண்ணனின் வண்டியில் அம்மா பின்னால், நான் ஓட்டமும் நடையும். ஜன்னலில் இரண்டு பேர் வரிசை; முதல் ஆள் முடித்துப் போனார். முன்னால் இருந்தவர் ஒரு பார்சலில் முகவரி எழுத ஆரம்பித்தார், அப்போதுதான். கடிகாரம் மூன்று ஐம்பத்தாறு. ஜன்னலுக்குள் இருந்த அம்மணி அவரை ஓரமாக நின்று எழுதச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"ஒட்டலையே?" என்றாள்.

உறையின் வாயில் பசை தடவினேன். என் விரலெல்லாம் ஒட்டியது. அம்மா உறையை என் கையிலிருந்து வாங்கி, மேசையில் வைத்து, தன் தேய்ந்த கட்டைவிரலை மடிப்பின் மேல் வைத்தாள்.

"ஒரு தடவை அமுக்கினாப் போதுமா? இல்லே, முடிஞ்சதும் இன்னொரு தடவையா?"

"ஒரு தடவை போதும்மா."

அமுக்கினாள். முத்திரை விழுந்தது, அன்றைய தேதியோடு. அம்மணி உறையை முதுகுக்குப் பின்னால் இருந்த பைக்குள் போட்டு, ரசீதைத் தள்ளிவிட்டு, ஜன்னலைச் சாத்தினாள்.